கடைசி முடிப்பு யாருடைய முறை?

“…கிரீடத்தையும் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சாச்சி, சதங்கையும் அவுத்தாச்சி. இப்ப வந்து மேடைக்குப் போங்க எண்டா நான் எப்பிடிப் போற, டைம்கீப்பர்? இந்தக் கோலத்துல போனா, பாலமுனைக்காரர் விட்டுட்டுப் போயிட்டாங்க, இந்த மனிசன் வந்து ஒட்டுப் போடுறான் எண்டு ஊர் கதைக்கும். போகாட்டி, தம்பிலுவில்காரர் கோவிச்சிக்கிட்டு உள்ளுக்க நிண்டாங்க எண்டு கதைக்கும். ரெண்டுல எத நான் எடுக்கிற? நீங்களே சொல்லுங்க.”

இப்படிக் கேட்டவர் எங்கள் குழுவின் கூத்து அண்ணாவியார்; கூத்தைப் பழக்கி, மத்தளம் அடித்து, தேவைப்பட்டால் வேசமும் கட்டுகிறவர். தம்பிலுவில்காரர். கேட்ட இடம், கல்முனையில் நாங்கள் கடைசி நிகழ்ச்சி நடத்திய மண்டபத்தின் மேடைப் பக்கவாட்டு. முகத்தில் ஒப்பனை பாதி அழிந்திருந்தது. இடுப்பில் சாரம், தோளில் துவாய். பக்கத் திரைக்கு அங்கால் மண்டபம் நிறையச் சனம். மேடையில் விளக்கெல்லாம் எரிகிறது. ஆள் ஒருவரும் இல்லை. ஆள் இல்லாத அந்த மேடைக்குப் பொறுப்பாக நின்றவன் நான்.

மேடையின் பின்புற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, விளக்கு எப்படிப் பூட்டுவது, கயிறு எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது, சனம் பார்த்துக்கொண்டிருக்க, கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிற நேரத்தைப் பற்றி. அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அண்ணாவியார் என்ன செய்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல், அந்த மேடை எப்படி வெறுமையானது என்று சொன்னால்தான் அவர் செய்தது உங்களுக்கு விளங்கும்.

நான் அரங்கம் படித்து வந்தவன் இல்லை. கல்முனை பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவன். எந்த பஸ் எப்போது வெளிக்கிட வேண்டும், ஏன் இன்னும் வெளிக்கிடவில்லை, அதற்குச் சாரதி சொல்லும் காரணத்தில் எவ்வளவு உண்மை என்பதுதான் என் படிப்பு. டிப்போவை விட்ட கையோடு என்னைப் பிடித்தவர் டீச்சர். கல்முனையில் ஒரு மெதடிஸ்த குடும்பத்துப் பெண், பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். தம்பிலுவில் கூத்தும் பாலமுனைப் பொல்லடியும் அம்பாறைச் சிங்களவரின் கண்டிய மேளமும் ஒரே மேடையில் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டுக் குழுவைத் தொடங்கியவர். “கல தெரிஞ்ச ஆக்கள் எனக்குப் போதும்,” என்றார் என்னிடம். “பஸ்ஸ வெளிக்கிடுத்திற ஆள் ஒருத்தர்தான் வேணும்.” அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் டைம்கீப்பர். என் பெயர் பலருக்கு இன்றைக்கும் தெரியாது.

பொல்லடிக்குத் தலைவர் பாலமுனைக் காக்கா; முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். வயல் செய்கிறவர். குரலோ, ஒரு வரம்பில் நின்று அடுத்த வரம்பில் நிற்பவரோடு கதைத்துப் பழகிய குரல். பொல்லடி பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆண்கள் வட்டமாக நின்று, இரண்டு கையிலும் பொல்லு என்கிற தடி பிடித்து, பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி, பக்கத்தில் நிற்பவரின் பொல்லோடு அடித்து ஆடுவது. பாட்டுச் சொல்பவர் நடுவில் நிற்பார். எங்கள் குழுவில் அந்த நடு இடம் காக்காவுடையது.

எங்கள் நிகழ்ச்சி எப்போதும் ஒரு சின்ன உருப்படியோடு முடியும். அதை நாங்கள் முடிப்பு என்போம். முடிப்புச் செய்கிறவர்களைத்தான் சனம் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அதனால் முதல் வருசம் முழுக்க அதற்குச் சண்டை.

அண்ணாவியார் சொல்வார்: “கூத்தெண்டா வாழி பாடித்தான் முடியும். வாழி பாடி முடிய ஒருத்தன் பொல்லத் தூக்கிக்கிட்டு வந்தா, வாழ்த்தின ஆளுக்கு அடிக்க வாற மாதிரி எல்லோ இருக்கும்.”

காக்கா விடமாட்டார். “அண்ணாவியார் வாழி பாடக்குள்ள சனம் செருப்பத் தேடுது. பொல்லுச் சத்தம் கேட்டாத்தான் இருந்தவன் எழும்புவான்.”

“எழும்பி ஓடுவான் எண்டு சொல்லுங்க.”

“ஓடினாலும் நம்மட தாளத்துலதான் ஓடுவான்.”

ஒரு நாள் இரண்டு பகுதியும் விட்டுக்கொடுக்கவில்லை. இடது பக்கத்தால் பொல்லடிக்காரர் ஏறினார்கள், வலது பக்கத்தால் கூத்தின் ராசாமார் ஏறினார்கள். மேடை நடுவில் முட்டிக்கொண்டார்கள். வீசிய பொல்லொன்று ஒரு ராசாவின் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு போய், கீழே இருந்த மேளக்காரரின் மடியில் போட்டது. நான் தலையில் கைவைத்தேன். சனம் எழும்பி நின்று கைதட்டியது. அடுத்த ஊரில் நிகழ்ச்சிக்குக் கூப்பிட வந்தவர்கள், “அந்த முடி பறக்கிற கட்டம் கட்டாயம் வேணும்” என்றார்கள்.

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே சட்டம் போட்டார்: முடிப்பு ஒரு தரம் தம்பிலுவிலுக்கு, மற்றத் தரம் பாலமுனைக்கு. முறை உள்ளவர்கள் இடது பக்கவாட்டில் வந்து நிற்பார்கள். நான் தலையாட்டினால் ஏறுவார்கள். அவ்வளவுதான். அந்தச் சட்டம் கடைசிவரை நின்றது. ஆனால் முடி பறந்த கதையும் கடைசிவரை நின்றது. கல்முனையில் எங்கள் குழுவைத் தெரியாதவருக்கும் முடிப்புச் சண்டை தெரியும்.

அந்தக் காலத்தில் நான் படித்த ஒன்றைச் சொல்கிறேன். சண்டை பிடிக்கிறவர்களால் எனக்கு ஒரு நாளும் இடைஞ்சல் வந்ததில்லை. சண்டை பிடிக்கிறவன் தன் இடத்தை விட்டு அசையமாட்டான். எங்கே நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். மறுபக்கத்தை நான் படித்தது பிந்தித்தான்.

நாங்கள் பாங்குக்கு நிறுத்துகிற வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலை மஃரிப் தொழுகை முடிந்துதான் நிகழ்ச்சி தொடங்குவோம். இரவு இஷா தொழுகைக்கான பாங்கு நடுவில் வரும். முதலில் அது எனக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. எந்த ஊர்ப் பள்ளிவாசலில் எந்த நிமிசம் சொல்வார்கள் என்று விசாரித்து வைத்திருப்பேன். பிறகு பார்த்தால், அண்ணாவியாரே அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். பாங்கு வரப்போகிறது என்று நான் கை காட்டினால் போதும், அடியைச் சுருக்கி, தாளத்தை முடித்து, மத்தளத்தை மடியில் படுக்கவைத்துவிடுவார். ராசாமார் நின்ற இடத்தில் நிற்பார்கள். பாங்கு முடியும்வரை மண்டபத்தில் ஒரு பிள்ளைகூட அழாது. காக்கா ஒரு தரம் என் காதுக்குள் சொன்னார்: “பள்ளிக்கு முன்னால இரிக்கிற தேத்தண்ணிக் கடையில இந்த அமைதி கிடைக்கிற இல்ல, தம்பி.” இதை யாரும் யாருக்கும் படிப்பிக்கவில்லை. ஒருவர் செய்தார், மற்றவர் பார்த்தார்.

காக்கா செய்ததையும் சொல்கிறேன். தம்பிலுவிலில் ஒரு நிகழ்ச்சி. திறந்த வெளி. முடிப்புப் பாலமுனையின் முறை. பாலமுனையிலிருந்து காக்காவின் ஆட்கள் வேலையெல்லாம் விட்டுவிட்டு, புதுச் சாரமும் தொப்பியுமாக வந்து இறங்கியிருந்தார்கள். சனம் பாய் விரித்து இருந்தாயிற்று. அந்த நேரம் அண்ணாவியாரின் தெருவில் ஒரு சாவு.

அண்ணாவியார் என்னிடம் வந்து, “நடத்துங்க. இவ்வளவு தூரம் வந்த ஆக்கள எப்பிடித் திருப்பி அனுப்பிற? தெருவுல நான் கதைச்சிச் சமாளிக்கிறன்,” என்றார். கதைக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன முடிவெடுப்பது என்று திணறிக்கொண்டு நிற்க, காக்கா வந்தார். விசயத்தைக் கேட்டார். ஒன்றும் யோசிக்கவில்லை.

“மௌத்து வீட்டுக்குப் பக்கத்துல நாங்க பொல்லடிக்கிற இல்ல.”

“அது உங்கட ஆக்கள்ட வீடு இல்லயே காக்கா,” என்றார் அண்ணாவியார்.

“மௌத்துக்கு எங்கட உங்கட எண்டு இரிக்கா, அண்ணாவியார்?”

தானே ஒலிவாங்கிக்குப் போய்ச் சனத்திடம் சொன்னார். சனம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவன், “முடிப்புக்குப் பயந்து ஓடுறாங்கடா!” என்று கத்தினான். காக்கா கோபிக்கவில்லை. “ஓடல்ல மனே, நடந்துதான் போறம். அந்த வீட்டுக்குத்தான். கதிர தூக்க ஆள் காணா, நீயும் வா.” கத்தியவன் உட்பட ஒரு கூட்டம் அவருக்குப் பின்னால் போனது. புதுச் சாரத்தோடு அவர்கள் சாவு வீட்டு முற்றத்தில் கதிரை அடுக்கியதை நான் கண்ணால் கண்டேன்.

 அதற்குப் பிறகு அண்ணாவியார், “காக்காட முடிப்பு ஒண்டு நம்மட ஊர்ல நிக்கிது” என்று அடிக்கடி சொல்வார். திருப்பிக் கொடுக்க ஒரு நாள் தேடிக்கொண்டிருந்தார். கொடுக்க வரும்போதெல்லாம் காக்கா, “மௌத்துக்கெல்லாம் முற வச்சிக் கணக்குப் பாக்கிறதா?” என்று தட்டிவிடுவார்.

இப்படியே வருசங்கள் போயின. பிறகு ஒரு நாள் டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டு, மூடுவோம் என்றார். ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தேவை இருக்கவில்லை. இளையவர்கள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போய்விட்டார்கள். ஒத்திகைக்கு வருகிற ஆட்களைவிட, வராததற்குக் காரணம் சொல்கிற அழைப்புகள் கூட. பொல்லடி பாலமுனைக் கலியாண வீடுகளில் இன்றைக்கும் நடக்கிறது, கூத்து தம்பிலுவிலில் இன்றைக்கும் ஆடுகிறார்கள். அவையெல்லாம் எங்களை நம்பி இருந்தவை இல்லை. மூன்று ஊராரும் ஒரே பின்னேரம் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதுதான் கடினமாகிவிட்டது. “ஆள் இல்லாம இழுத்துக்கிட்டுப் போகாம, ஆள் இருக்கக்குள்ளயே முடிப்பம்,” என்றார் டீச்சர். “கடைசியா ஒருக்கா, நம்மட கல்முனையில.”

செய்தி வெளியே போனது. நான் தலைமயிர் வெட்டுகிற சலூன்காரர், கத்தரிக்கோலை நிறுத்தாமலே தீர்ப்புச் சொன்னார்: “முடிப்புச் சண்டதானே? தெரிஞ்ச விசயம்தானே.”

“சண்ட ஒண்டும் இல்ல.”

“சண்ட இல்லாம எந்தக் கூட்டு மூடின? ஒண்டு சொல்லுங்க பாப்பம்.”

மறுத்துத் தலையாட்டப் பார்த்தேன். கழுத்தில் கத்தி வேறு இருந்தது.

அதே கதை டீச்சருக்கும் சந்தையில் கிடைத்திருக்கிறது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். “இத்தின வருசமும் நாங்க செஞ்சதெல்லாம் ஒரு சந்தைக் கதையில போயிரும் போல இருக்கு, டைம்கீப்பர். நாளைக்கு வேற ஆக்கள் இப்பிடி ஒண்டு தொடங்கப் போனா, அங்க பாருங்க, அவங்களே அடிபட்டுத்தான் மூடினாங்க எண்டு சொல்லி நிப்பாட்டுவாங்க. கடைசி நாள் ஒரு சின்னக் கீறலும் விழப்படாது.” நிகழ்ச்சி அன்றைக்கு மட்டும் பின்புறம் வராமல், முதல் வரிசையில், பள்ளியை நிர்வகிக்கிற மரைக்காயர்மாருக்கும் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர்மாருக்கும் தேவாலயத்துப் பாதிரியாருக்கும் நடுவில் இருக்கப்போவதாகச் சொன்னார். ஊர் அவர் முகத்தைப் பார்க்கட்டும் என்று.

கடைசி முடிப்பு, முறைப்படி, தம்பிலுவிலுக்கு வந்தது.

அன்று பின்னேரம் மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கதிரை எண்ணுகிற சாட்டில் கிட்டப் போனேன்.

“முற எங்கட,” அண்ணாவியார் சொல்கிறார். “அத நான் உங்களுக்குத் தாறன். தம்பிலுவில்ல நீங்க விட்டது.”

“இன்னும் அத விடல்லயா நீங்க? வேணா. நீங்கதான் வாழி பாடி முடிக்கணும். குழுவையே முடிக்கிறம், வாழி இல்லாமலா?”

“வாழி பாடக்குள்ள சனம் செருப்பத் தேடுது எண்டு சொன்னது ஆரு?”

“அது அப்ப சென்ன. இப்ப எனக்கே வாழி கேக்கணும் போல இரிக்கி.”

“கேக்கிறதுக்குப் பாட மாட்டன்.”

“நீங்க பாடாட்டி நான் அடிக்கவும் மாட்டன்.”

சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் அண்ணாவியாரிடம் போய், என்ன முடிவு என்று கேட்டேன். “அத நான் பாத்துக்குவன், நீங்க கவலப்படாதீங்க.” காக்காவிடம் கேட்டேன். “அத நான் முடிச்சாச்சி, தம்பி.” இரண்டு பேரும் அவ்வளவு சந்தோசமாகச் சொன்னார்கள். ஒருவர் மனம் மாறி ஒத்துக்கொண்டுவிட்டார், யார் இடது பக்கத்தில் வந்து நிற்கிறாரோ அவர்தான் என்று எடுத்துக்கொண்டேன். வழக்கமும் அதுதானே.

தம்பிமாரே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு வேணும் என்று நிற்பவனிடம் ஒரு தரம் கேட்டால் போதும். இல்லை, நீங்களே எடுங்க என்று நிற்பவர்கள் இரண்டு பேர் கிடைத்தால், அவர்களை ஒரே இடத்தில் நிறுத்திவைத்துக் கேளுங்கள்.

நிகழ்ச்சி மிக நன்றாகப் போனது. கூத்தாடினார்கள். இஷா பாங்குக்கு மத்தளம் மடியில் படுத்தது, மண்டபம் மூச்சடக்கி இருந்தது. பிறகு பொல்லடி. காக்காவின் ஆட்கள் அன்றைக்கு ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. பிறகு அம்பாறைக்காரரின் கண்டிய மேளம். அது நடக்கும்போதுதான் இரண்டு பக்கத்திலும் இரண்டு காரியம் நடந்திருக்கிறது.

காக்கா தனக்குள் யோசித்தது இது: நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றால் அண்ணாவியார் என்னைத்தான் தள்ளுவார். ஆகவே நிற்கக் கூடாது. தன் ஆட்களின் பொல்லுகளையெல்லாம் கட்டி, தாங்கள் வந்த வான் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, எல்லாரையும் பக்கக் கதவால் கூட்டிக்கொண்டு போய், சனத்துக்குள் அவரவர் பெண்சாதி பிள்ளைகளோடு இருத்திவிட்டார். தானும் மூன்றாம் வரிசையில் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

அண்ணாவியார் யோசித்ததும் அதேதான். நான் வேசத்தோடு நின்றால் காக்கா என்னை விடமாட்டார். ஆகவே வேசம் இருக்கக் கூடாது. கூத்து உடுப்பு உங்களுக்குத் தெரியும், கழற்றினால் திரும்பக் கட்ட ஒரு யுகம் வேண்டும். முழுவதையும் கழற்றிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் அவ்வளவு நன்றாக அறிந்து வைத்திருந்தார்கள். அதனால் வந்த வினை அது.

கண்டிய மேளம் முடிந்தது. சனம் கைதட்டியது. மேளக்காரர் வியர்வை வடிய உள்ளே வந்தார்கள். நான் இடது பக்கவாட்டைப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. வலது பக்கம் பார்த்தேன். கூட்டுகிற தும்புத்தடி ஒன்று சாத்தியிருந்தது. மூத்த மேளக்காரர், “கவுத யன்னே, ஐயே?” என்று கேட்டார். யார் போவது என்று. எனக்குத் தெரிந்தால்தானே.

திரைக் கயிறு பிடிப்பவர், “இழுத்து மூடவா?” என்றார். கை கயிற்றில் இருந்தது.

“கைய எடுங்க,” என்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் அப்போது யோசித்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். டிப்போவில் என்னோடு வேலை செய்த ஒரு சாரதி இருந்தார். பஸ் சுணங்கினால், வேறு சாரதிமார் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். உடனே சனமும் இறங்கும், எங்கள் கந்தோருக்கு வந்து கத்தும். இவர் மட்டும் எஞ்சினை நிறுத்தமாட்டார். “எஞ்சின் ஓடினா, பஸ் போகுது எண்டுதான் சனம் நினைக்கும்,” என்பார். அவருடைய பஸ்ஸிலிருந்து ஒருவரும் இறங்கி நான் கண்டதில்லை.

அன்றைக்குத் திரையை மூடியிருந்தால், மூடிய திரைக்குப் பின்னால் அடிபடுகிறார்கள் என்று மண்டபம் முழுக்கச் சொல்லியிருக்கும். விளக்கை அணைத்திருந்தால் இன்னும் மோசம். அறிவிப்பாளரை அனுப்பினால் அவர் என்ன சொல்வார்? தடுமாறினாரென்றால் அந்தத் தடுமாற்றமே சாட்சி. எரிகிற விளக்கும் வெறும் மேடையும் மட்டும்தான், ஏதோ வரப்போகிறது என்று சொல்லும். ஆனால் சத்தம் ஒன்று வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும்.

மூத்த மேளக்காரரின் தோளைப் பிடித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “ஹெமின், ஹெமின்,” என்றேன். மெதுவாக, மெதுவாக. அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே நின்றபடியே மேளத்தில் விரலால் தட்டத் தொடங்கினார், நெஞ்சுத் துடிப்புப் போல. மண்டபத்தில் எழுந்த சலசலப்பு அடங்கியது. அந்த மனிதரின் விரல்களுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

திரை இடுக்கால் பார்த்தேன். டீச்சர் முதல் வரிசையில் சிரித்த முகத்தோடு இருக்கிறார். சிரிப்பு அசையவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார், சுற்றுகிறார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் குனிந்து எதையோ கேட்கிறார். மூன்றாம் வரிசையில் காக்கா. நான் கையை அசைத்துக் கூப்பிட்டேன். அவர் என்னைக் கண்டு, சந்தோசமாகத் திருப்பிக் கையை அசைத்தார். பேரப்பிள்ளையிடம் மேடையைக் காட்டி, இப்ப வாழி வரும் பார் என்று சொல்வது உதட்டில் தெரிந்தது.

ஒப்பனை அறைக்கு ஓடினேன். ராசாமார் ரீசேர்ட்டோடு பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன, காக்கா ஆக்கள் இன்னும் ஏறல்லயா?” என்றார் அண்ணாவியார்.

“காக்காட ஆக்கள் சனத்துக்குள்ள இரிக்காங்க. பொல்லெல்லாம் வானுக்குள்ள.”

அண்ணாவியாரின் கையில் கோப்பை அப்படியே நின்றது. “மனிசன் என்னய முந்திட்டாரு!” என்றார். தோற்றுப்போன குரல், ஆனால் கண் சிரித்தது. அடுத்த நொடி டீச்சரை நினைத்திருக்க வேண்டும், அந்தச் சிரிப்பும் போனது. கோப்பையை வைத்துவிட்டு என்னோடு பக்கவாட்டுக்கு ஓடி வந்தார். மேடையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். அப்படியே போய் ஒரு வாழி பாடிவிட்டு வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். அப்போதுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். ரெண்டுல எத நான் எடுக்கிற?

  எனக்கு ஒன்று தெரியும். பஸ்ஸை வெளிக்கிடச் சொல்லி விசில் ஊதுகிறது டைம்கீப்பரின் வேலை. சுக்கானைப் பிடிக்கிறது அவன் வேலை இல்லை. இத்தனை வருசம் மேடையில் நின்ற மனிதருக்கு, மேடையில் என்ன செய்வதென்று நான் சொல்லித்தர வேண்டிய நிலை வந்திருந்தால், அந்தக் குழு அன்றைக்கு மூடியதே சரி. நான் செய்தது, வழியை விட்டு விலகி நின்றது மட்டும்தான். அவசர நேரத்தில் நீங்களும் அதைச் செய்யப் பழகுங்கள். மிகக் கடினமான வேலை அது.

கடைசி நிகழ்ச்சி முடிந்து, அடுத்த முறை தலைமயிர் வெட்டப் போனபோது சலூன்காரர் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, கத்தரிக்கோலை எடுக்காமல் முன்னால் வந்து நின்றார். அவரும் குடும்பத்தோடு வந்திருந்தாராம். “சண்ட எண்டு சென்னது நான்தான், ஓம்,” என்றார். “ஆனா விட்டுக் குடுக்கிறதுக்கு இப்பிடிச் சண்ட பிடிக்கிற மனிசர நான் கண்டதில்ல. அடுத்தது எப்ப வைக்கிறீங்க?”

“மூடியாச்சி.”

“பொய் சொல்லாதீங்க. மூடுற ஆக்கள் இப்பிடியா முடிக்கிற?”

எனக்குப் பட்டம் இல்லை, பொன்னாடை இல்லை. அந்தச் சலூன் கதிரையில் இருந்து கேட்ட அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

சரி, அண்ணாவியாருக்கு வருகிறேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கமாட்டேன் என்று விளங்கியது. சுற்றிப் பார்த்தார். மூலையில், முனை பிளந்ததென்று வானில் ஏற்றாமல் விட்டுப்போன ஒரு சோடிப் பொல்லுக் கிடந்தது. குனிந்து அதை எடுத்தார். துவாயை என் தோளில் போட்டார். பாதி அழிந்த முகத்தோடும் வெறுங்காலோடும் விளக்கு வெளிச்சத்துக்குள் நடந்தார்.

மேடை நடுவுக்குத்தான் போவார் என்று நினைத்தேன். கூத்துக் களரியின் நடுவில் நின்று பழகிய மனிதர். போகவில்லை. பொல்லடிக்காரர் சுற்றி நிற்கிற வட்டத்தின் ஓரத்தில், புதிதாகச் சேர்ந்த ஆளை நிறுத்துகிற இடத்தில் போய் நின்றார். நடுவில் காக்கா நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு, அதைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் ஆள் நிற்பதுபோல, ஒரு பொல்லை வெறும் காற்றில் நீட்டினார். மேளக்காரரின் விரல் நின்றது.

 மூன்றாம் வரிசையிலிருந்து அந்த வயல் குரல் வந்தது.

“அண்ணாவியார்! அது எங்கட பொல்லு!”

“பொல்லு உங்கட எண்டு தெரியும் காக்கா. அடிக்கிறதுக்கு ஆள்தான் இல்ல.”

சனம் சிரித்தது. டீச்சரின் கையிலிருந்த சேலைத் தலைப்பு நழுவி விழுந்தது.

“வாழி எங்க, வாழி?”

“நீங்க வந்து நடுவுல நில்லுங்க. நான் சுத்தி வந்துகொண்டே பாடுறன். கெதியா வாங்க, கை உளையுது.”

சொல்லிவிட்டு, நீட்டிய பொல்லை இறக்காமல் நின்றார்.